பாலைவனச் சாலைப் பயணத்தில் செயின் ஹோட்டல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

லாஸ் வேகஸிலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன், பேஜ், மானுமென்ட் வேலி, மோவாப் என்று ஒரு சுற்று போய்வரக் கிளம்புகிறவர்கள், பார்க்க வேண்டிய இடங்களுக்கு நாள் கணக்கில் திட்டம் போடுவார்கள். ராத்திரி எங்கே படுப்பது என்பதை மட்டும் கடைசி நேரத்தில், விலைப் பட்டியலில் மேலே வந்ததை அழுத்தி முடித்துவிடுவார்கள். பெரிய நகரம் என்றால் பரவாயில்லை, ஒன்று சரியில்லை என்றால் எதிர்ப்பக்கம் இன்னொன்று இருக்கும். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் அடுத்த ஊரே 60, 80 மைல் தள்ளி இருக்கும், அங்கேயும் அறை காலியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

நான் சொல்வது ஹாம்ப்டன் இன், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், ஃபேர்ஃபீல்ட், கம்ஃபர்ட் இன், லா கின்டா, பெஸ்ட் வெஸ்டர்ன் மாதிரி நடுத்தர செயின் ஹோட்டல்களைப் பற்றி. நெடுஞ்சாலை எக்ஸிட்டை ஒட்டி மூன்று நான்கு மாடிக் கட்டடம், பெரும்பாலும் இலவசப் பார்க்கிங், அறைக்குள் சின்ன ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், காலையில் ஏதோ ஒரு சாப்பாடு. ஆடம்பரம் ஒன்றும் இருக்காது. மறுநாள் ஓட்டத்துக்கு உடம்பையும் காரையும் தண்ணீர் கேனையும் தயார் பண்ணிக்கொள்ளத்தான் இங்கே ஹோட்டல். அந்தக் கண்ணோடு பார்த்தால் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

ஹோட்டலுக்கு முன்னால் ஊரை முடிவு செய்யுங்கள்

வரைபடத்தைத் திறந்து, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொண்டு ஊர்களைக் குறியுங்கள். ஆறேழு மணி நேரமும் ஓட்டலாம், ஆனால் அப்போது நடுவில் எதையும் நின்று பார்க்க முடியாது, அப்புறம் எதற்குப் போவது? லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸ் 270 மைல், கிட்டத்தட்ட பாதியில் பார்ஸ்டோ. இன்டர்ஸ்டேட் 40 என்ற, மாநிலங்களைக் கடந்து போகும் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் நீடில்ஸ், கிங்மன், வில்லியம்ஸ், ஃபிளாக்ஸ்டாஃப், வின்ஸ்லோ, கேலப் என்று வரிசையாக வரும், இவற்றில் எதிலும் செயின் ஹோட்டல் கிடைக்கும். யூட்டா பக்கம் கேனப், மோவாப், கிரீன் ரிவர். நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷனுக்குள் கயென்டா, டூபா சிட்டி மாதிரி ஊர்களில் ஹோட்டல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அதனால் மானுமென்ட் வேலிக்குப் பக்கத்தில் தங்க வேண்டும் என்றால் அந்த ஒரு இரவைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவு செய்ய வேண்டும். நவஹோ நேஷனில் மது விற்பது சட்டப்படி தடை, எடுத்துக்கொண்டு போவதும் கூடாது.

இருட்டுவதற்கு முன் ஹோட்டல் வாசலில் கார் நிற்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பயந்த சுபாவத்தில் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் பல சாலைகளுக்கு வேலி கிடையாது, மாடுகள் இரவில் தார்ச்சாலைக்கே வந்து நிற்கும், ஃபிளாக்ஸ்டாஃப் பக்கக் காடுகளில் எல்க் என்ற பெரிய மான்கள் குறுக்கே பாயும், தெருவிளக்கு என்ற பேச்சே இல்லை. போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். ஹோட்டல் முகவரி, பதிவு எண், போன் நம்பர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அந்தப் பகுதி வரைபடத்தையும் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் போகிறீர்கள் என்றால் ஊரின் உயரத்தையும் பாருங்கள், இதைப் பலரும் பார்ப்பதில்லை. கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் நீடில்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம்தான், ஜூலை மாதத்தில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. அங்கிருந்து ஒரு மணி நேரம் கிழக்கே போனால் கிங்மன், 1,000 மீட்டர். இன்னும் இரண்டரை மணி நேரத்துக்குள் ஃபிளாக்ஸ்டாஃப், 2,100 மீட்டர், அங்கே ஜூலை ராத்திரியில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஆக ஒரே நெடுஞ்சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம் தள்ளிப் படுத்தால் ராத்திரியின் சுபாவமே மாறிவிடும். தாழ்வான, கொதிக்கிற பகுதியை அதிகாலையில் கடந்துவிடுகிற மாதிரி முந்தின இரவு ஊரைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள், ஃபிளாக்ஸ்டாஃபில் பனி கொட்டும், சாலையையே மூடினாலும் மூடுவார்கள்.

நேரக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதில்லை, பக்கத்தில் யூட்டா தள்ளிவைக்கிறது, அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நேஷனும் தள்ளிவைக்கிறது, நவஹோ நேஷனுக்கு நடுவில் இருக்கும் ஹோபி பழங்குடியினர் பகுதி தள்ளிவைப்பதில்லை. பேஜ் ஊர் அரிசோனா நேரம், ஆனால் யூட்டா எல்லை மிகப் பக்கம் என்பதால் போன் சில சமயம் அந்தப் பக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். காலை 8 மணிக்கு ஆன்டிலோப் கேன்யன் சுற்றுக்குப் பணம் கட்டியிருந்தால், போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து அலாரம் வையுங்கள்.

பெயர்ப் பலகையை நம்பாமல் கட்டடத்தைப் பாருங்கள்

ஒரே பிராண்ட் என்றால் எல்லா ஊரிலும் ஒரே தரம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் இந்த ஹோட்டல்களில் பெரும்பாலானவை கம்பெனி நேரடியாக நடத்துபவை இல்லை, உள்ளூரில் ஒருவர் அல்லது ஒரு குடும்பம் கட்டடத்தை வைத்துக்கொண்டு, பிராண்ட் பெயருக்கு உரிமக் கட்டணம் கட்டி நடத்துவது. இந்த முதலாளிகளில் இந்தியர்கள், அதிலும் குஜராத்திகள், ஏராளம். 1989-இல் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர்கள் சங்கம், நாட்டின் ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தன் உறுப்பினர்களுடையது என்று சொல்கிறது. எந்தப் பாலைவன ஊரிலும் வரவேற்பு மேசையில் ஒரு படேலைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சரி, விஷயத்துக்கு வருவோம்: பிராண்ட் ஒரு குறைந்தபட்சத் தரத்தைத்தான் உறுதி செய்யும், அதற்கு மேல் எல்லாம் அந்த முதலாளியும் கட்டடத்தின் வயதும்தான்.

அதனால் விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றி, கடைசி மூன்று நான்கு மாதங்களை மட்டும் படியுங்கள். மொத்த மதிப்பெண்ணை விட, அந்தப் பக்கத்திலேயே "ஏசி", "ரயில்", "சத்தம்", "வாடை" என்பதற்கான ஆங்கில வார்த்தைகளைத் தேடிப் பார்ப்பது அதிக பலன் தரும். காலை உணவில் முட்டை ஆறிப்போயிருந்தது என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தால் விட்டுவிடலாம். ஜூலையில் ஏசி வேலை செய்யவில்லை, வேறு அறையும் தரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

ரயிலைப் பற்றிக் கட்டாயம் பாருங்கள். இன்டர்ஸ்டேட் 40-இன் கூடவே சரக்கு ரயில் பாதையும் ஓடுகிறது. பார்ஸ்டோ, நீடில்ஸ், கிங்மன், ஃபிளாக்ஸ்டாஃப், வின்ஸ்லோ, கேலப் எல்லாம் அந்தப் பாதையால் வளர்ந்த ஊர்கள்தான். ராத்திரி முழுக்க மைல் நீளத்துக்கு வண்டிகள் போகும், சாலையைக் கடக்கிற இடத்தில் ஹாரன் அடிக்கும். சாட்டிலைட் படத்தில் ஹோட்டலைப் பெரிதாக்கி, தண்டவாளம் எவ்வளவு தூரம், அதற்கும் ஹோட்டலுக்கும் நடுவில் ஏதாவது கட்டடம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரே ஊரில் ஒரே விலையில் இரண்டு ஹோட்டல் இருந்தால், தண்டவாளத்தை விட்டு விலகி இருப்பதை எடுங்கள்.

விலை பெரும்பாலும் ஓர் இரவுக்கு 100 முதல் 200 டாலருக்குள் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பார்ஸ்டோ, கிங்மன் மாதிரி வழியில் இருக்கிற ஊர்களில் குறைவு, மோவாப், பேஜ், ஸைய்யன் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் மாதிரி ஊர்களில் மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர், அக்டோபரிலும் அதே தர அறை எங்கேயோ போய்விடும். ஊர்த் திருவிழாக்களையும் பாருங்கள்: அக்டோபர் தொடக்கத்தில் ஆல்புகெர்க்கியில் பலூன் விழா, ஏப்ரலில் இரண்டு வார இறுதிகள் இண்டியோவில் கோச்செல்லா இசை விழா, ஜனவரியில் குவார்ட்ஸைட்டில் ஆர்.வி. எனப்படும் வண்டி வீடுகளில் ஊர் சுற்றுகிறவர்கள் கூட்டம். அந்த நாட்களில் சுற்றுவட்டாரம் முழுக்க அறை கிடைப்பது கஷ்டம். லாஸ் வேகஸில் வார இறுதியைத் தவிர்த்தாலே பாதிப் பணம் மிச்சமாகும். அங்கே கேசினோ இல்லாத செயின் ஹோட்டல்களில் பெரும்பாலும், அறை வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணம் என்ற தொல்லை கிடையாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பதிவு செய்யும்போது

இடைத்தரகு தளங்களில் விலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள், பதிவை மட்டும் ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ செய்யுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் ஐந்து பத்து டாலர்தான் இருக்கும். அதற்குக் கிடைப்பது என்னவென்றால், தேதி மாற்ற வேண்டியிருந்தால் ஹோட்டலுக்கே போன் போட்டுப் பேசலாம்; இடைத்தரகர் வழியாகப் பதிவு செய்தவர்களிடம் "நீங்கள் பணம் கட்டியது அவர்களிடம், அங்கேயே கேளுங்கள்" என்று கையை விரித்துவிடுவார்கள். அறைகள் நிரம்பிய நாளில் நல்ல அறைகள் முதலில் நேரடிப் பதிவுக்காரர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்தான் போகும். உறுப்பினர் ஆவது இலவசம், பதிவு செய்வதற்கு முன்னாலேயே சேர்ந்துவிடுங்கள், விலையில் கொஞ்சம் குறையும்.

முன்பணம் கட்டினால் 10, 15 டாலர் குறைவு, ஆனால் பணம் திரும்பாது என்று ஒரு விலை காட்டும். பாலைவனப் பயணத்துக்கு அது வேண்டாம் என்பேன். திடீர் வெள்ளத்தில் சாலை மூடினாலோ, கார் டயர் போனாலோ, வெயிலில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ அன்றைய திட்டம் அப்படியே கவிழும். ரத்து செய்யக்கூடிய விலையை எடுத்து, கடைசி நேரம் எது என்பதைக் குறித்துவையுங்கள். சில ஹோட்டல்களில் அன்று மாலை வரை, சிலவற்றில் ஒரு நாள், இரண்டு நாள் முன்பே. அது ஹோட்டல் இருக்கிற ஊரின் நேரப்படி என்பதையும் மறக்காதீர்கள்.

தேதியை அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் அப்புறம் என்று எழுதுவார்கள். 05/06 என்றால் மே 6, ஜூன் 5 இல்லை. வெளிநாட்டிலிருந்தே பதிவு செய்கிறவர்கள் மாதத்தின் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டில் விஷயத்தில், "டூ குவீன்" என்றால் இரண்டு பெரிய கட்டில், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சரி. "ஒன் கிங்" என்றால் ஒரே அகலமான கட்டில். எத்தனை பேர் என்பதை உண்மையாகப் போடுங்கள், தீ பாதுகாப்பு விதிப்படி அறைக்கு உச்சவரம்பு உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. மாணவர்கள் சேர்ந்து போவதாக இருந்தால் அறை எடுப்பவரின் குறைந்தபட்ச வயதைப் பாருங்கள், சில இடங்களில் 21 கேட்கிறார்கள்.

கட்டாயக் கட்டணங்களை ஒளித்துவைக்காமல் மொத்த விலையிலேயே காட்ட வேண்டும் என்ற மத்திய விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் வரியைத் தனியாகக் காட்டலாம். அதனால் தேடலில் தெரிகிற தொகைக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் கூட வரும் என்று மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வந்து சேரும் நாள்

அறை வழக்கமாகப் பிற்பகல் 3 மணிக்குக் கிடைக்கும். வெயில் காலத்தில் 1 மணிக்கே வந்துவிட்டால் மேசையில் தயவாகக் கேளுங்கள், சுத்தம் செய்த அறை இருந்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டாலும் லாபியில் ஏசியில் உட்காரலாம்.

தாமதமாகும் என்றால்தான் கவனம் வேண்டும். ஹோட்டல்களில் நள்ளிரவு தாண்டி, பெரும்பாலும் 2, 3 மணி வாக்கில், அன்றைய கணக்கை மூடுவார்கள். அதற்குள் நீங்கள் வராவிட்டால் வராதவர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், ஓர் இரவுப் பணமும் போகும், மூன்று இரவுக்குப் பதிவு செய்திருந்தால் மிச்ச இரண்டும் ரத்தாகிவிடலாம். 10 மணிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தவுடன், சிக்னல் இருக்கிற இடத்திலிருந்தே போன் போட்டு "வந்துகொண்டிருக்கிறேன், அறையை வைத்திருங்கள்" என்று சொல்லி, பேசியவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையும் கிரெடிட் கார்டும் கேட்பார்கள், கார்டு அறை எடுத்தவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அறைக் கட்டணத்துக்கு மேல் 50 டாலர், 100 டாலர் என்று ஒரு தொகையைக் கார்டில் நிறுத்திவைப்பார்கள், கிளம்பிய பிறகு விடுவித்துவிடுவார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அது உங்கள் கணக்கில் இருக்கிற நிஜப் பணத்தை முடக்கும், திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகலாம். நான்கைந்து ஊர்களில் நான்கைந்து ஹோட்டல் என்றால் மொத்தமாக எவ்வளவு முடங்கும் என்று கூட்டிப் பாருங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதையே கொடுங்கள்.

அறைச் சாவி கைக்கு வருவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள், வந்த பிறகு மாற்றுவது இரண்டு பேருக்கும் தொல்லை. நெடுஞ்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் எதிர்ப்பக்கம், லிஃப்ட்டுக்கும் ஐஸ் மெஷினுக்கும் தள்ளி, கோடையில் மேற்குப் பார்த்த ஜன்னல் இல்லாமல். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தோன்றாது. மதியம் முழுக்க வெயில் வாங்கிய மேற்குச் சுவர் ராத்திரி 10 மணிக்கும் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும், மேல்மாடி என்றால் கூரையும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, அமெரிக்காவில் தரைத்தளம்தான் முதல் மாடி, 214 என்றால் தரைக்கு மேல் ஒரே மாடி.

காரில் ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள், வெளியில் தெரிகிற மாதிரி ஒரு பைகூட வேண்டாம். நெடுஞ்சாலை ஓர ஹோட்டல் பார்க்கிங்கில் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் நெடுஞ்சாலை ஏறிவிடுவது திருடர்களுக்கு வசதி. திருட்டை விடுங்கள், வெயிலே போதும்: மருந்து, இன்சுலின், லேப்டாப், ஸ்பிரே டப்பா எதுவும் மூடிய காரில் தாங்காது. குழந்தையையோ நாயையோ மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற ஐந்து நிமிடத்துக்குக்கூட காரில் விடக்கூடாது.

அறைக்குள் போனதும்

பெட்டியைக் கட்டிலில் போடாமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் தலைமாட்டுப் பக்க ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, பேசாமல் கீழே போய் வேறு அறை கேளுங்கள், அதுவும் பக்கத்து அறையாக இல்லாமல்.

அடுத்து ஏசி. இதைச் சோதித்த பிறகுதான் சாமான்களைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலும் ஜன்னலுக்கு அடியில் ஒரு நீளப் பெட்டியாக இருக்கும், அளவு ஃபாரன்ஹீட்டில். 72 என்பது 22 செல்சியஸ். அவசரத்தில் 60-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்காதீர்கள், இயந்திரம் அதே வேகத்தில்தான் வேலை செய்யும், நடு ராத்திரியில் நீங்கள்தான் நடுங்குவீர்கள். திரைச்சீலையை முழுக்க மூடி, 72-இல் வைத்துவிட்டு இருபது நிமிடம் பாருங்கள். குளிர்ந்த காற்று வரவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், 6 மணிக்குச் சொன்னால் வேறு அறை இருக்கும், 11 மணிக்குச் சொன்னால் இருக்காது. மின்விசிறியை "ஆட்டோ"வில் விட்டால் விட்டுவிட்டு ஓடி, ஒவ்வொரு தடவையும் தடாலென்று எழுப்பும். "ஆன்"-இல் வைத்தால் தொடர்ந்து ஒரே சத்தம் வரும், அது ரயிலையும் லாரியையும் அமுக்கிவிடும், தூக்கம் கெடாது. சில அறைகளில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் ஏசி தானாக அணையும், வெளியே போய்விட்டு வந்தால் அறை சூடாக இருப்பதற்கு அதுதான் காரணம், பழுது இல்லை.

பழைய மோட்டல்களில் ஏசிக்குப் பதில் தண்ணீர் சொட்டும் காற்றுக் குளிர்விப்பான் இருக்கலாம். வறண்ட ஜூனில் அது நன்றாகவே வேலை செய்யும், ஈரப்பதம் ஏறுகிற ஜூலை, ஆகஸ்டில் உதவாது.

காற்று அவ்வளவு வறட்சியாக இருக்கும் என்பது முதல் ராத்திரி மூக்கு எரியும்போதுதான் புரியும். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியில் போடுங்கள், தலைமாட்டில் தண்ணீர் வையுங்கள், உதட்டுக்கும் மூக்குக்கும் கொஞ்சம் வாஸலின். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், உப்புச் சுவை தட்டும், அதனால் ஆபத்து இல்லை. பிடிக்கவில்லை என்றால் கடையில் ஒரு கேலன் கேன் வாங்கிக்கொள்ளுங்கள், லாபி அலமாரியில் விற்கிற சின்னப் பாட்டிலுக்கு அநியாய விலை. கீழ்த்தள அறையில் தங்கினால் காலையில் செருப்பை, ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், அரிசோனாவில் தேள் உண்டு.

வெளிநாட்டுச் சாதனங்கள் வைத்திருப்பவர்களுக்கு: இங்கே 120 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜர்கள் ஒரு அடாப்டர் இருந்தால் ஓடும், 230 வோல்ட் ஹேர் டிரையர், கெட்டில் வேலை செய்யாது. அறையில் அடுப்பு பற்றவைத்துச் சமைப்பது எந்த இடத்திலும் கூடாது, புகை எச்சரிக்கை மணி மொத்தக் கட்டடத்தையும் கீழே இறக்கிவிடும். சமைத்தே ஆக வேண்டும் என்றால் ஹோம்2 ஸ்வீட்ஸ், ரெசிடென்ஸ் இன், கேண்டில்வுட் மாதிரி நீண்ட நாள் தங்கும் வகையைத் தேடுங்கள், சமையலறையோடு வரும். சிகரெட் வாடை வந்தால் 200, 250 டாலர் அபராதம் கார்டிலிருந்து தானாகப் போகும்.

சாயங்காலம் செய்ய வேண்டியவை

சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடைகள் 8, 9 மணிக்கெல்லாம் மூடிவிடும், இந்த வகை ஹோட்டலில் இரவு உணவும் கிடையாது. குளிப்பதற்கு முன்னாலேயே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், திரும்பி வரும் வழியில் பெட்ரோலையும் நிரப்பிவிடுங்கள். காலையில் நிரப்பலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். யூட்டாவில் இன்டர்ஸ்டேட் 70-இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவில் 100 மைலுக்கு மேல் ஒரு பங்க்கூட கிடையாது, அந்த மாதிரி இடத்துக்குப் போகும்போது பாதி டேங்க் போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டுவது தேவையில்லாத வேதனை.

துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் இருக்கும். 25 சென்ட் நாணயம் கேட்கும், மேசையில் மாற்றித் தருவார்கள். நீச்சல் குளம் 10 மணிக்கு மூடும், காவலர் இருக்க மாட்டார், குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள். மதியம் 3 மணிக்கு அதில் இறங்குவதில் பயனில்லை, வெந்நீராக இருக்கும், சூரியன் சாய்ந்த பிறகு போங்கள்.

தினமும் அறையைச் சுத்தம் செய்வது இப்போது பல இடங்களில் கேட்டால் மட்டும்தான். துண்டு வேண்டும் என்றால் மேசையில் சொல்லுங்கள். சுத்தம் செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 5 டாலர் தலையணை மேல் வைப்பது இங்கே வழக்கம்.

காலையில்

இலவசக் காலை உணவு ஹாம்ப்டன், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், ஃபேர்ஃபீல்டில் உண்டு. ஃபேர்ஃபீல்டைப் போலவே மாரியாட் குடும்பத்தைச் சேர்ந்த கோர்ட்யார்டில் வழக்கமாகக் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும், கொஞ்சம் உயர்ந்த பிராண்ட் என்பதால் உணவும் சேர்ந்திருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. வாரநாட்களில் 6 மணிக்கும், சனி ஞாயிறு 7 மணிக்கும் தொடங்குவது வழக்கம். சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முந்தின இரவே மேசையில் கேட்டால் ஒரு பையில் ஆப்பிள், சத்து பார், தண்ணீர் போட்டுத் தரும் இடங்கள் உண்டு. வாஃபிள் இயந்திரம் முதல் தடவை மிரட்டும்: கோப்பை மாவை ஊற்றி, மூடி, கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினால் நேரம் தானாக ஓடும், மணி அடித்ததும் திருப்பித் திறக்க வேண்டும். சைவர்களுக்கு ஓட்ஸ், ரொட்டி, பழம், தயிர், சீரியல் எப்போதும் இருக்கும். பழத்தை வழிக்கு எடுத்துவைக்கும்போது ஒன்று, அரிசோனாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குள் நுழைகிற நெடுஞ்சாலைகளில் விவசாயச் சோதனைச் சாவடி உண்டு, பழம் இருக்கிறதா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், வாங்கிப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் தண்ணீர். டெத் வேலியில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர், குடிக்கவே வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. அந்த 134 ஃபாரன்ஹீட்டை நினைவுபடுத்தித்தான் பேக்கர் ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியே நிற்கிறது. வண்டி நின்றுவிட்டால் உதவி வரும் வரை தாங்குவதற்கு அதற்கு மேலும் ஒரு கேன் காரில் இருக்கட்டும். ஐஸ் மெஷினில் அறை வாளியை நிரப்பிக்கொள்ளலாம், பெரிய கூலர் பெட்டியை நிரப்பக்கூடாது என்று பல இடங்களில் எழுதியே ஒட்டியிருப்பார்கள், பங்க்கில் ஒரு மூட்டை ஐஸ் வாங்கிவிடுங்கள். டயர் காற்றைக் கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும் இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும், கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்கு நிரப்புங்கள், சூட்டில் ஏறியதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம் என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. பிற்பகலில்தான் இடி, புழுதிப் புயல், திடீர் வெள்ளம் எல்லாம் வரும், அதனால் காலை 7 மணிக்கே கிளம்பி 3 மணிக்குள் அடுத்த ஹோட்டலில் இருப்பது இந்த மாதங்களில் ரொம்ப நல்லது. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையில் புழுதிச் சுவர் எதிரே வந்தால், சாலையை விட்டு முழுக்க வெளியே ஒதுங்கி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, கை பிரேக் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்தால் அதுதான் சாலை என்று நினைத்துப் பின்தொடர்ந்து வந்து மோதுவார். தண்ணீர் ஓடுகிற பள்ளத்தைக் காரில் கடக்கவே கூடாது.

அறையைக் காலி செய்வது 11 அல்லது 12 மணி. உறுப்பினர் என்றால் ஒரு மணி நேரம் கூடக் கேட்டால் தருவார்கள், ஆனால் முந்தின நாள் கேட்க வேண்டும். சாவி அட்டையை அறையிலேயே விட்டுவிட்டுப் போகலாம், பில் மின்னஞ்சலில் வரும். அதை அன்றே திறந்து, நீங்கள் வாங்காத தண்ணீர் பாட்டிலோ செல்லப்பிராணிக் கட்டணமோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் பிராண்டின் தலைமை எண்ணுக்கு அடிக்காமல் நேராக அந்த ஹோட்டல் மேனேஜரையே, திங்கள் முதல் வெள்ளிக்குள் பகல் நேரத்தில் கூப்பிடுங்கள். இரவு மேசையில் இருக்கிறவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது.